பழசுக்கு விலை உண்டு, நஞ்சுக்கு?

நானூறு வருடப் பழமையைக் காசாக்கத் தெரிந்த ஊர் மட்டாஞ்சேரி. நாலு வருடத்தில் பழசாகிவிடும் செல்போனையும் மிக்ஸியையும் என்ன செய்வது என்ற கேள்விக்கு இப்போதுதான் அங்கே பதில் தேடுகிறார்கள்.

மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் பழசுக்குத்தான் மரியாதை. கப்பல் விளக்கு, ஊர் விருந்துக்குப் பாயசம் காய்ச்சிய வெண்கல உருளி, இடித்த தறவாட்டு வீடுகளிலிருந்து வந்த தேக்குக் கதவு, கரி போட்டுச் சூடேற்றும் பித்தளை இஸ்திரிப் பெட்டி, வால்வு ரேடியோ என்று கடைகள் நிரம்பி வழிகின்றன. சுற்றுலாப் பயணிகள் விலையைக் கேட்டு முதலில் சிரிக்கிறார்கள், பிறகு பேரம் பேசுகிறார்கள். ஒரு காலத்தில் மிளகும் சுக்கும் அடுக்கியிருந்த கிடங்குகள் பல, ஓட்டல்களாகவும் ஓவியக் கூடங்களாகவும் மாறிவிட்டன. 2012 டிசம்பரில் தொடங்கிய கொச்சி-முசிரிஸ் பியன்னாலே இந்த மாற்றத்துக்கு வேகம் கொடுத்தது.

ஊரின் பெரிய அடையாளங்களே செப்பனிட்டுக் காப்பாற்றப்பட்டவை. டச்சு அரண்மனை என்று எல்லோரும் சொல்லும் கட்டடத்தைக் கட்டியவர்கள் டச்சுக்காரர்கள் அல்ல. 1555 வாக்கில் போர்த்துகீசியர் கட்டி, கொச்சி மன்னருக்குக் கொடுத்தது அது. 1663-ல் டச்சுக்காரர்கள் பழுதுபார்த்தார்கள். பெயர் பழுதுபார்த்தவர்களுக்குப் போய்விட்டது! சற்றுத் தள்ளி, 1568-ல் எழுந்த பரதேசி ஜெபாலயம். அதன் மணிக்கூண்டு 1760-ஐச் சேர்ந்தது. வெகுகாலம் ஓடாமல் நின்ற அந்தக் கடிகாரக் கோபுரத்தை உலக நினைவுச்சின்ன நிதியத்தின் உதவியோடு சீராக்கினார்கள். தெருவில் வாழ்ந்த யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற பொருள்களுக்கும் கட்டடங்களுக்கும் மதிப்பு கூடிக்கொண்டே போகிறது.

ஆனால் இந்த மதிப்பு எல்லாப் பழசுக்கும் பொருந்தாது. யூதத் தெருவிலிருந்து உள்ளே திரும்பி, குஜராத்தி சாலை, சுள்ளிக்கல், பனையப்பள்ளி என்று நடந்தால் வேறு வகைப் பழசு கண்ணில் படும். கோணி போட்டு மூடிய பிக்சர் டியூப் டி.வி., கம்ப்ரசர் போன பிரிட்ஜ், ஜாடி உடைந்த மிக்ஸி, ஊதிப் பெருத்த இன்வெர்ட்டர் பேட்டரி. இவற்றைப் பழம்பொருள் கடைக்காரர் திரும்பியும் பார்ப்பதில்லை. பித்தளை இஸ்திரிப் பெட்டிக்கு ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் அதே ஊரில் மின்சார இஸ்திரிப் பெட்டி எடைக்குப் போகிறது.

பரண் நிறைய

மட்டாஞ்சேரி நெருக்கமான ஊர். கொங்கணிகள், குஜராத்திகள், கட்ச் மேமன்கள், சமணர்கள், தமிழர்கள் என்று பல சமூகங்கள் தோளோடு தோள் உரசி வாழும் இடம். பக்கத்தில் வேளியில் இருக்கும் தோபிகானாவில் தலைமுறைகளாகத் துணி வெளுத்துவரும் குடும்பங்களின் வீட்டு மொழி தமிழ். சுவரோடு சுவர் ஒட்டிய பழைய வீடுகளில் சாமான் வைக்க இடம் குறைவு. இருந்தும் பரணில் இரண்டு பழைய செல்போன், ஒரு செட்-டாப் பெட்டி, எதற்கு என்றே தெரியாத நாலைந்து சார்ஜர் இருக்கும். "ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியது, சும்மா எப்படிப் போடுவது?" என்ற தயக்கம் ஒன்று. செல்போனாக இருந்தால், உள்ளே இருக்கும் குடும்பப் படங்கள் யார் கையிலாவது சிக்கிவிடுமோ என்ற பயம் இன்னொன்று. எங்கே போடுவது என்று தெரியாதது மூன்றாவது காரணம். பெரும்பாலான வீடுகளில் இதுவே முதல் காரணமும்கூட.

வியாபாரமும் இதற்குத் தப்பவில்லை. யூதத் தெருவில் 1957 முதல் இயங்கிய மிளகு வர்த்தகச் சங்கத்தில், தரகர்கள் தொண்டை கிழியக் கத்தி முன்பேர விலை பேசுவார்கள். டெலிபோன் ஓயாமல் அடிக்கும். பிறகு கணிப்பொறி வந்தது, கூச்சல் அடங்கியது. வர்த்தகமும் மெல்ல வேறு சந்தைகளுக்கு நகர்ந்துவிட்டது. கடைகளிலும் வங்கிகளிலும் பள்ளிகளிலும் அடுத்தடுத்து வந்த கணிப்பொறிகள் ஒவ்வொன்றும் ஐந்தாறு ஆண்டுகளில் அடுத்த தலைமுறைக்கு வழிவிட்டன. மரக் கணக்குப் பெட்டி நூறாண்டு தாக்குப்பிடித்த ஊரில் இது புதிய அனுபவம்.

மட்டாஞ்சேரி மட்டும் விதிவிலக்கல்ல. ஐ.நா. அமைப்புகள் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ல் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான். இந்தியாவின் பங்கு சுமார் 41 லட்சம் டன். சீனாவும் அமெரிக்காவும் மட்டுமே நமக்கு முன்னால் நிற்கின்றன.

செம்பு போகும், ஈயம் நிற்கும்

இந்தப் பொருள்கள் இதுநாள்வரை போய்ச்சேர்ந்த இடம் ஆக்ரிக்கடை. சென்னைக்காரர்கள் காயலான் கடை என்று சொல்வதைத்தான் மலையாளத்தில் ஆக்ரிக்கடை என்கிறார்கள். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த தள்ளுவண்டிக்காரரின் வாரிசு ஆக்ரிக்காரர். தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள் கேரளத்தில் நெடுங்காலமாக இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். வடமாநிலத்தவரும் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். வீடுவீடாக ஏறி இறங்கி, எடை போட்டு, கையில் காசு கொடுத்துவிட்டுப் போகும் ஆக்ரிக்காரர் இல்லையென்றால் இந்திய நகரங்கள் எப்போதோ தங்கள் குப்பையில் மூழ்கியிருக்கும்.

ஆனால் அவருடைய கணக்கு எளிமையானது. எதற்கு வாங்க ஆள் இருக்கிறதோ அதை எடுப்பார். மின்விசிறியில் செம்புக் கம்பிச் சுருள், பிரிட்ஜில் கம்ப்ரசர், டி.வி.யில் பிக்சர் டியூப் கழுத்தைச் சுற்றிய செம்பு, கணிப்பொறியில் மதர்போர்டு. இவற்றுக்கு நாளைக்கே ஆள் வரும். மிச்சத்துக்கு வராது.

அந்த மிச்சத்தில்தான் வில்லங்கம். பிக்சர் டியூப் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. பெரிய டி.வி. என்றால் ஒரு கிலோவுக்கு மேலும் இருக்கலாம். ஒரு காலத்தில் பழைய டியூப் கண்ணாடியை உருக்கிப் புதிய டியூப் செய்தார்கள். தட்டையான டி.வி. வந்ததும் டியூப் தொழிற்சாலைகள் மூடப்பட்டன, கண்ணாடிக்கும் கிராக்கி போயிற்று. உடைத்துப் போட்ட கண்ணாடியிலிருந்து ஈயம் மெல்ல மண்ணுக்கும் தண்ணீருக்கும் இறங்கும். வளரும் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் உலோகம் அது. பிரிட்ஜின் குழாயை வெட்டும்போது உள்ளே இருக்கும் குளிரூட்டும் வாயு ஒரே மூச்சில் வெளியேறிவிடும். அதில் சில வகைகள் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கக்கூடியவை. டியூப் லைட்டில் சிட்டிகை அளவுகூட இல்லாத பாதரசம், உடைந்ததும் காற்றில் கலக்கும்.

செம்பை எடுக்கும் முறையும் ஆபத்தானது. பி.வி.சி. உறை போட்ட ஒயரைக் கையால் உரிக்க நேரமாகும். நெருப்பு வைத்தால் சில நிமிடத்தில் செம்பு பளபளவென்று தனியாக வந்துவிடும். கூடவே டயாக்சின் என்ற கொடிய நச்சும் புகையில் வரும். மதர்போர்டுகள் கைமாறிக் கைமாறி தில்லியின் சீலம்பூர், உத்தரப் பிரதேசத்தின் மொரதாபாத் போன்ற இடங்களுக்குப் போகின்றன. ஒரு டன் மதர்போர்டில் ஒரு டன் சுரங்க மண்ணில் இருப்பதைப்போலப் பல மடங்கு தங்கம் இருக்கிறது. அதைப் பிரிக்க அமிலத் தொட்டியில் கைவிடும் தொழிலாளிக்குப் பெரும்பாலும் கையுறைகூடக் கிடையாது. எஞ்சிய அமிலம் சாக்கடைக்குப் போகும்.

ஆக்ரிக்காரரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நஞ்சை ஒழுங்காக அகற்ற அவருக்கு யாரும் காசு கொடுப்பதில்லை.

மார்ச் மாதப் புகை

மிச்சம் எங்கே போகிறது என்ற கேள்வியைக் கொச்சி வெகுகாலம் கேட்டுக்கொள்ளவில்லை. பதில் 2023 மார்ச் 2-ல் புகையாக வந்தது. நகரின் கிழக்கே, மட்டாஞ்சேரியிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, கடம்பிரையாற்றை ஒட்டி இருக்கிறது பிரம்மபுரம். கொச்சி மாநகராட்சியின் குப்பை பல ஆண்டுகளாக மலைமலையாகக் குவிந்த இடம். அன்று அதில் பற்றிய தீ பிளாஸ்டிக் அடுக்குகளின் உள்ளுக்குள் புகுந்து, ஏறக்குறைய 12 நாட்கள் புகைந்தது. மேலே தண்ணீர் ஊற்றினால் கீழே கனிந்துகொண்டிருந்தது. மண்வாரி இயந்திரங்களால் குப்பையைக் கிளறிக் கிளறித் தண்ணீர் பாய்ச்ச வேண்டியிருந்தது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். கொரோனாவோடு கழற்றி வைத்த முகக்கவசத்தை மக்கள் மறுபடி மாட்டிக்கொண்டார்கள். கேரள உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. மார்ச் 17-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

எரிந்தது முக்கியமாக பிளாஸ்டிக். ஆனால் தரம் பிரிக்காத குப்பையில் என்னவெல்லாம் கலந்திருக்கும் என்பதற்குக் கணக்கே கிடையாது என்பதை அந்தப் புகை ஊருக்கு உணர்த்தியது. இன்றைய குப்பையில் இன்னொரு அபாயமும் சேர்ந்திருக்கிறது. செல்போன், விளையாட்டுப் பொம்மை, இயர்போன் எல்லாவற்றிலும் இருக்கும் லித்தியம் பேட்டரி, நசுங்கினாலோ துளைபட்டாலோ தானே தீப்பிடிக்கும். சமையலறைக் குப்பையோடு ஒரு பழைய போனைக் கட்டிப் போடுவது, லாரியில் ஒரு தீக்குச்சியைச் சேர்த்து அனுப்புவதற்குச் சமம்.

பச்சை மேலங்கிப் பெண்கள்

பிரம்மபுரத்துக்குப் பிறகு கொச்சியில் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது ஹரித கர்ம சேனை. பெயர் சமஸ்கிருதத்தில் கம்பீரமாக இருந்தாலும், ஆட்கள் அக்கம்பக்கத்துப் பெண்கள்தான். 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீ சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலோர். பச்சை மேலங்கி அணிந்து, மட்கும் குப்பை நீங்கலாக மற்றவற்றைப் பிரித்து வாங்கிக்கொண்டு, மாதக் கட்டணம் வசூலிக்கிறார்கள். கேரளம் முழுவதும் 30,000-க்கும் மேற்பட்டோர் இந்த வேலையில் இருக்கிறார்கள். வருமானம் சொற்பம். 2023-ல் மலப்புரம் மாவட்டம் பரப்பனங்காடியில் இந்தச் சேனையின் 11 பெண்கள், 250 ரூபாய் டிக்கெட்டைத் தனியாக வாங்க முடியாமல் காசு சேர்த்து வாங்கினார்கள். விழுந்தது பத்துக் கோடி ரூபாய் பம்பர் பரிசு!

இவர்கள் சேகரிப்பதை வாங்கி அனுப்பிவைக்க, மாநில அரசு 2013-ல் கிளீன் கேரளா கம்பெனியை ஏற்படுத்தியது. பள்ளிகளிலும் அரசு அலுவலகங்களிலும் குவிந்திருந்த பழைய கணிப்பொறிகளை அகற்றும் வேலையை அது எடுத்துக்கொண்டது. வீடுகளுக்கு ஒரு நாட்காட்டி வந்தது. ஒரு மாதம் செருப்பும் பையும், ஒரு மாதம் கண்ணாடி, ஒரு மாதம் துணி என்று முறைவைத்து, மின்னணுப் பொருள்களுக்கும் தனிக் காலம் ஒதுக்கினார்கள்.

ஆனால் வெறும் நல்லெண்ணத்தை நம்பி யாரும் பரணைத் திறப்பதில்லை. காசு கொடுக்கும் ஆக்ரிக்காரர் வாசலில் நிற்கும்போது இலவசமாக எதற்குக் கொடுப்பது? 2025 ஜூலையில் கேரளத்தின் நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும் தொடங்கிய சேகரிப்பு இயக்கம் இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொன்னது. வீட்டுக்காரருக்குக் கிலோ கணக்கில் விலை. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு விலைப்பட்டியல். போனுக்கும் லேப்டாப்புக்கும் கூடுதல், கனமான பிரிட்ஜுக்கும் டி.வி.க்கும் குறைவு. சேகரித்தது அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களுக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு.

இப்படிப்பட்ட நாட்களில்தான் பொருள்கள் பரணிலிருந்து இறங்குகின்றன. ஒரு தெருவின் பொருளாதார வரலாறே எடைத் தராசில் ஏறுகிறது: வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த டேப் ரிக்கார்டர், வி.சி.ஆர்., முதல் கலர் டி.வி., பிள்ளைகள் படித்த கணிப்பொறி. தருபவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயங்கள் சில. போனைக் கொடுக்கும் முன் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, சிம் அட்டையையும் மெமரி கார்டையும் கழற்றிவிட்டு, உள்ளே இருப்பதை முழுவதும் அழித்துவிடுவது நல்லது. ஊதிய பேட்டரியைத் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். டியூப் லைட்டை உடையாமல் பழைய அட்டைக் குழாயில் வைக்கலாம். எதையும் வீட்டில் கழற்றிப் பார்க்கக் கூடாது.

நாலே உலோகம்

விலை கொடுப்பது சரியான தொடக்கம். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. செம்பு நிறைந்த மின்விசிறிக்கும் மோட்டாருக்கும் ஆக்ரிக்காரர் கூடுதலாகக் கொடுத்தால், அவை அவரிடம் போகும். ஈயக் கண்ணாடி டி.வி.யும் பாதரச விளக்கும் பச்சை மேலங்கிப் பெண்களின் சாக்குக்கு வரும். லாபம் ஒரு பக்கம், பாரம் மறுபக்கம். அந்தப் பாரத்தை யார் சுமப்பது என்பதுதான் இந்தச் சேகரிப்பு நாட்களின் உண்மையான சோதனை.

சட்டம் இதற்கு உற்பத்தியாளரைக் கைகாட்டுகிறது. மின்னணுக் கழிவு பற்றிய முதல் விதிகள் 2011-ல் வந்தன. 2016-ல் திருத்தி எழுதினார்கள். 2022-ல் வெளியாகி 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இப்போதைய விதிகள், நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களுக்குப் பொருந்தும். ஒரு கம்பெனி விற்ற பொருளில் குறிப்பிட்ட பங்கு மறுசுழற்சி ஆனதற்குச் சான்றிதழ் காட்ட வேண்டும். 2023-24-ல் 60 சதவீதத்தில் தொடங்கிய இலக்கு படிப்படியாக 80 சதவீதத்தைத் தொட வேண்டும். கம்பெனி தானே வீடுவீடாக வர வேண்டியதில்லை. மறுசுழற்சி நிறுவனத்திடம் சான்றிதழை வாங்கினால் போதும்.

அந்தச் சான்றிதழ் எதற்குக் கிடைக்கிறது? தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு என்ற நாலு உலோகங்களை மீட்டதற்கு. ஆக்ரிக்காரர் எதைத் தேடி எடுக்கிறாரோ, ஏறக்குறைய அதே பட்டியல். ஈயக் கண்ணாடியைப் பத்திரமாக அகற்றியதற்கும் வாயுவைக் காற்றில் விடாமல் பிடித்ததற்கும் தனி மதிப்பெண் இல்லை. முந்தைய விதிகளில் இடம்பெற்ற சேகரிப்பு மையங்களுக்கும் 2022 விதிகளில் தனி இடம் இல்லை. கேட்பாரற்றுக் கிடக்கும் பொருள்களைச் சேகரித்து அனுப்பும் கடமை உள்ளாட்சிகளின் தலையில் விழுந்திருக்கிறது.

பணம் எங்கே என்ற சண்டையும் நடக்கிறது. மறுசுழற்சி நிறுவனங்கள் அடிமாட்டு விலைக்குச் சான்றிதழ் விற்று, வேலையில் கைவைக்கின்றன என்று சொல்லி, மத்திய அரசு வீட்டு மின்னணுச் சாதனங்களுக்கு கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாய் என்று தரைவிலை வைத்தது. பெரிய கம்பெனிகள் சில அதை எதிர்த்து தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. செலவு கூடும் என்பது அவர்கள் வாதம். கூடத்தான் செய்யும். ஒழுங்காக அகற்றச் செலவாகும் என்பதுதான் விஷயமே. அந்தச் செலவு இதுவரை சீலம்பூர் தொழிலாளியின் நுரையீரலில் கணக்கு வைக்கப்பட்டிருந்தது.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கணக்கு தூரத்துக் கதை இல்லை. 2006 தேர்தலுக்குப் பிறகு ஐந்தாண்டுகளில் மாநில அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கலர் டி.வி.களை இலவசமாகக் கொடுத்தது. எல்லாம் பிக்சர் டியூப் வகை. ஒவ்வொன்றிலும் கால் கிலோ ஈயம் என்று குறைத்தே வைத்தாலும் மொத்தம் 3,750 டன். குடிசைக்குள் முதன்முதலாகப் படம் காட்டிய அந்தப் பெட்டிகளின் செம்பு பெரும்பாலும் காசாகியிருக்கும். கண்ணாடி எந்த ஏரிக்கரையில், எந்தப் பள்ளத்தில் கிடக்கிறது என்பதற்குப் பதிவேடு இல்லை.

மட்டாஞ்சேரி காட்டும் வழியில் கற்றுக்கொள்ள இரண்டு பாடங்கள் இருக்கின்றன. முதலாவது, வாசலுக்கு வந்து, எடை போட்டு, காசு கொடு. ஆக்ரிக்காரர் நூறாண்டாகச் செய்வது இதைத்தான். இரண்டாவது, விற்காத பொருளையும் வாங்கு. அதற்கான பணம் பச்சை மேலங்கிப் பெண்ணின் கூலியிலிருந்து வரக் கூடாது. பொருளை விற்று லாபம் பார்த்தவரிடமிருந்து வர வேண்டும். ஆக்ரிக்காரரையும் விரட்டாமல், பதிவுசெய்து, கையுறை கொடுத்து, இதே ஏற்பாட்டுக்குள் கொண்டுவந்தால் சேகரிப்புக்கு ஆள் பஞ்சம் இராது. தெருக்களை அவரைவிடத் தெரிந்தவர் யார்?

ஒரு சேகரிப்பு நாள் வெற்றியா என்பதை வசூலான டன் கணக்கை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அன்று மாலை லாரி புறப்படும்போது, உடையாத பிக்சர் டியூப்கள் அதில் ஏறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். செம்பு எப்படியும் தன் வழியைக் கண்டுபிடித்துவிடும்.